புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன் மட்டும்தானா? மாற்றுச் சொற்களும் அன்றாடப் புழக்கமும்

கரிசல்வாத்தியார் (கோவில்பட்டி)

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இப்போது ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஆஃப், அப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது, நடத்திக்கொண்டிருக்கிறேன். கைடில் படித்த ஒரு வரி எல்லாருக்கும் மனப்பாடம்: புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன். அதற்கு மேல் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தேர்வுத் தேதி தள்ளிப்போனதை மெயிலில் தெரிவிக்கச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு பெண் 'ஐ புட் ஆஃப் மை எக்ஸாம்' என்று எழுதியிருந்தாள். கைடுப்படி பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? தேர்வு எழுதப் பயந்து இவளே நாளைக் கடத்திவிட்டாள் என்று தோன்றும். தேதியை மாற்றியது பல்கலைக்கழகம், பழி அவள் தலையில். அவளுக்கு இதை விளக்கும்போதுதான், மாற்றுச் சொல் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்புவது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்று பட்டது.

போஸ்ட்போன், டிலே, டிஃபர், அட்ஜர்ன், ரீஷெட்யூல், புஷ் பேக், இதெல்லாம் எங்கே எங்கே பொருந்தும்? 'ஹிஸ் டோன் புட் மீ ஆஃப்' என்ற வாக்கியத்தில் தள்ளிப்போடுவதே இல்லையே, அதை எப்படி விளக்குவது? அவரவர் வேலையில், ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று எழுதினால் வகுப்பில் அப்படியே பயன்படும்.

சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

வாத்தியார் சார், வணக்கம். வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு மெயில் எழுதுவதே என் வேலையில் பாதி, அதனால் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தாமதம் தானாக வந்ததா, யாராவது முடிவெடுத்ததால் வந்ததா? மழையால் ஆட்டம் தொடங்க நேரமானால் டிலே. சிக்னல் கிடைக்காமல் வண்டி நடுவழியில் நின்றால் டிலே. நம் ரயில்வே இதில் கறார். புறப்படும் நிலையத்திலேயே நேரத்தை மாற்றி அறிவித்தால் ரீஷெட்யூல்ட் என்று போடுவார்கள், ஓடும் வண்டி பிந்தினால் அது டிலே. எந்த ஸ்டேஷனிலும் வண்டி புட் ஆஃப் ஆகிவிட்டது என்று அறிவிப்பு வராது. ஏனென்றால் புட் ஆஃப்புக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். இன்றைக்குச் செய்யலாம் என்று இருந்ததை அவர் எடுத்து அப்புறம் வைக்கிறார்.

அடுத்த கேள்வி, அந்த ஆளுக்கு அதைச் செய்ய மனசு இருந்ததா? இங்கேதான் உங்கள் மாணவியின் வாக்கியம் இடறுகிறது. 'ஐ' என்று தன்னை முன்னால் வைத்து, தான் செய்ய வேண்டிய வேலையைப் பின்னால் வைத்து, நடுவில் புட் ஆஃப் போட்டால், மனசில்லாமல் தட்டிக்கழித்தேன் என்ற வாடை வந்துவிடும். பல் டாக்டரிடம் போவதை, வரிக் கணக்குத் தாக்கல் செய்வதை, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதை எல்லாம் ஆங்கிலக்காரர்கள் 'ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்' என்றுதான் சொல்வார்கள். 'ஐ கீப் போஸ்ட்போனிங் இட்' என்றால் இலக்கணம் சரி, பேச்சில் விறைப்பாக இருக்கும். அந்தப் பெண் 'தி எக்ஸாம் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்' என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. 'ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று போட்டாலும் சரிதான், கொஞ்சம் பேச்சுவாக்கில் இருக்கும், அவ்வளவுதான்.

ஆபீஸ் மெயிலில் நான் கடைப்பிடிக்கிற வழக்கம்: புதிய தேதி தெரிந்தால் ரீஷெட்யூல் அல்லது மூவ். 'வீ ஹேவ் மூவ்ட் தி கால் டு தர்ஸ்டே' என்றால் கிளையன்ட் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். தேதி தெரியாவிட்டால் போஸ்ட்போன். மென்பொருளில் ஒரு வசதியை இந்த வெளியீட்டில் சேர்க்காமல் அடுத்ததற்கு ஒதுக்கினால் டிஃபர். பக், அதாவது மென்பொருள் பிழைகள், பட்டியலிலேயே டிஃபர்ட் என்று ஒரு நிலை உண்டு. பேசும்போது புஷ், புஷ் பேக்.

கறுப்புக்கோட்டு

நீதிமன்றப் பக்கத்துக்கு வாருங்கள். இங்கே அட்ஜர்ன்தான். வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, இன்னொரு நாளைக்குப் போனால் அட்ஜர்ன். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல், 'ஒரு நாளைக்கு' என்பதுதான் அதன் உள்ளர்த்தம். நாள் குறிப்பிடாமல் தள்ளினால் சைனி டை, லத்தீனில் 'நாள் இன்றி'. சட்டமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு என்று பத்திரிகையில் வருகிறதே, அது இதுதான்.

பிள்ளைகள் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகையில் 'ஒத்திவைப்பு' என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. விசாரணை ஒத்திவைப்பு என்றால் அட்ஜர்ன்ட். தேர்வு ஒத்திவைப்பு என்றால் போஸ்ட்போன்ட். தீர்ப்பு ஒத்திவைப்பு என்றால் ரிசர்வ்ட். மூன்றாவதை யாராவது 'ஜட்ஜ்மென்ட் போஸ்ட்போன்ட்' என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும். ரிசர்வ்ட் என்றால் வாதம் முடிந்துவிட்டது, நீதிபதி தீர்ப்பை எழுதுவதற்காக வைத்திருக்கிறார் என்று பொருள். போஸ்ட்போன்ட் என்றால் தீர்ப்பு சொல்ல நாள் குறித்திருந்தார்கள், அந்த நாள் மாறிவிட்டது. மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் இதை அழுத்திச் சொல்லுங்கள் ஐயா.

வாய்தா என்று நம் ஜனங்கள் சொல்வது அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. வாக்குறுதி, கெடு என்ற பொருள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் ஆணையில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. நடைமுறையில் எப்படி என்று கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

தேர்வுத்தோழன்

மன்னிக்கணும் சார், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போட்டித் தேர்வில் நான்கு விடை கொடுத்து புட் ஆஃப் என்றால் என்ன என்று கேட்பார்கள். போஸ்ட்போனை டிக் பண்ணினால் மதிப்பெண். இவ்வளவு நுணுக்கம் சொன்னால் பிள்ளை பரீட்சை ஹாலில் குழம்பிப் போகும். முதலில் பட்டியல், வேலை கிடைத்த பிறகு நுணுக்கம் என்பதுதான் நடைமுறை.

கரிசல்வாத்தியார் (கோவில்பட்டி)

தம்பி, தேர்வு எழுதுகிறவர்களின் அவசரம் எனக்குத் தெரியும், என் வகுப்பிலும் இருக்கிறார்கள். போஸ்ட்போனை டிக் பண்ண ஒரு நொடி போதும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் இவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் கால் சென்டரிலும் துணிக்கடை ஏற்றுமதிப் பிரிவிலும் போய் உட்காரப் போகிறவர்கள். அங்கே யாரும் நான்கு விடை கொடுத்துவிட்டுப் பேச மாட்டார்கள். 'டோன்ட் புட் மீ ஆஃப் அகெய்ன்' என்று ஒரு வாடிக்கையாளர் போனில் கத்தினால், இந்தப் பிள்ளை மனசுக்குள் போஸ்ட்போனை வைத்துப் பார்த்துத் திகைத்துப்போகும். அவர் சொல்வது, 'நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இனியும் என்னை அலையவிடாதே' என்பது. அது புரியாமல் 'யெஸ் சார்' என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் சிக்கல்.

கறுப்புக்கோட்டு ஐயா சொன்ன தீர்ப்பு ஒத்திவைப்பு விஷயம் அருமை. நாளைக்கே வகுப்பில் பத்திரிகைத் தலைப்புகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லப் போகிறேன்.

யாழ்தேவி_பயணி

வணக்கம் அண்ணை. நான் இலங்கையில் இருந்து எழுதுறன். உங்கட இழையை வாசிக்க எனக்கு ஒரு விசயம் சொல்லவேணும் போல இருந்தது.

எங்கட செய்திகளில் போஸ்ட்போனுக்கு வழக்கமான சொல் 'பிற்போடுதல்'. தேர்தல் பிற்போடப்பட்டது, பரீட்சை பிற்போடப்பட்டது என்றுதான் வரும். 2020 நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 25இல் நடக்க இருந்து, ஜூன் 20க்குப் பிற்போடப்பட்டு, பிறகும் பிற்போடப்பட்டு ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தல் இதைவிட மோசம். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டியது 2025 மே 6இல்தான் நடந்தது. இந்த இரண்டாவதை ஆங்கிலத்தில் சனம் கதைக்கேக்க 'தே கெப்ட் புட்டிங் இட் ஆஃப்' என்று சொன்னால் அதுக்குள்ள கோபமும் வந்திடும். 'தி எலெக்ஷன் வோஸ் போஸ்ட்போன்ட்' என்பது அறிவித்தல், 'தே புட் இட் ஆஃப்' என்பது குற்றச்சாட்டு. ஒரே நிகழ்வுதான், ஆர் செய்தது எண்டு சுட்டுற விதம்தான் வேற.

வழக்குக்கு எங்களிட்ட 'தவணை' என்ற சொல்லும் இருக்கு. வழக்கு அடுத்த மாதத்துக்குத் தவணையிடப்பட்டது என்று எழுதுவார்கள். உங்கட பக்கம் தவணை எண்டால் கடன் கட்டுற நினைவு வரும் என்று நினைக்கிறன்.

வைகைக்கரை

யாழ்தேவி, அந்தப் பிற்போடு என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பின் + போடு. போஸ்ட்போன் என்ற சொல்லின் லத்தீன் மூலத்திலும் 'போஸ்ட்' பின், 'போனெரே' போடு, வை. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. நான் இத்தனை காலம் மொழியியல் வாசித்தும் இது கண்ணில் படவில்லை, நன்றி.

இதிலிருந்து வாத்தியார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஃப்ரேசல் வெர்ப் அந்நியம் என்று நாம்தான் பயமுறுத்துகிறோம். தள்ளிப்போடு, ஒத்திவை, கழற்றிவிடு, தூக்கிப்போடு, விட்டுக்கொடு, இதெல்லாம் என்ன? இரண்டு வினை சேர்ந்து மூன்றாவது ஒரு பொருள் தருவது. விட்டுக்கொடு என்பதில் விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் போதுமா? போதாது, மொத்தமாகப் பழக வேண்டும். ஆங்கிலக்காரர்கள் வினைக்குப் பின்னால் ஆஃப், அப், அவுட் என்று ஒரு சின்னச் சொல்லை ஒட்டுகிறார்கள். நாம் வினையெச்சத்துக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். தள்ளிப்போடுவில் 'போடு' அவர்களுடைய புட், 'தள்ளி' அவர்களுடைய ஆஃப். ஒத்திவைப்பதும் அப்படித்தான். 'கொஞ்சம் ஒத்திக்கோ' என்று பஸ்ஸில் சொல்கிறோமே, விலகுவது என்ற பொருளில், அந்த ஒத்தி.

இந்தச் சிரமம் ஆங்கிலக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. 1755இல் வெளிவந்த அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் மற்ற மொழிகளைவிடத் தங்கள் மொழியில் அதிகம், வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் இதில்தான் என்று எழுதியிருக்கிறார். அப்போது அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர்கூட இல்லை. அந்தப் பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் பரப்பினார், ஆக்ஸ்ஃபர்டு அகராதிப் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

புட் ஆஃப்பின் பழைய பொருள்களில் ஒன்று கழற்றுவது. 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் பைபிளில், எரியும் முட்செடியின் முன்னால் மோசேயிடம் செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் இருப்பது புட் ஆஃப். தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'கழற்றிப்போடு'. உடம்பை விட்டு அப்பால் வைப்பது கழற்றுவது. இன்றைய நாளை விட்டு அப்பால் வைப்பது தள்ளிப்போடுவது. மனசை விட்டு ஒரு விஷயம் அப்பால் போனால் அது வெறுத்துப்போவது. 'ஹிஸ் டோன் புட் மீ ஆஃப்' இந்த மூன்றாவது வகை. 'ஆஃப்' என்றால் விலகி என்று வைத்துக்கொண்டால் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். வகுப்பில் இந்த வழியில் சொல்லிப் பாருங்கள்.

மேகமூட்டம் (லீட்ஸ்)

அந்த மூன்றாவது பொருளைத்தான் நான் தினமும் வார்டில் கேட்கிறேன். இங்கே நர்ஸாக இருக்கிறேன். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப் மை ஃபுட்' என்று நோயாளிகள் சொல்வார்கள். வாடையில் சாப்பாடே பிடிக்காமல் போய்விட்டது என்று அர்த்தம். ஒருவர் 'ஆஃப் ஹிஸ் ஃபுட்' என்று வீட்டார் சொன்னால் பசியில்லாமல் இருக்கிறார் என்று குறிப்பெழுத வேண்டும். புதிதாக வந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கச் சொல்கிறார் போல என்று தட்டை எடுத்துப் போய்விடுவார்கள்.

'ஆஃப்புட்டிங்' என்று பெயரடையாகவும் வரும். ஒருவர் பேசும் விதம், ஒரு வாடை, ஒரு விளம்பரம், எதையும் ஆஃப்புட்டிங் என்று சொல்லலாம். அருவருப்பு என்று மொழிபெயர்த்தால் ரொம்பக் கடுமையாகிவிடும். முகம் சுளிக்க வைக்கிற, கிட்டப் போக மனசு வராத, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் நோயாளி 'மை ஆப் ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்பார், ஆப் என்றால் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் போஸ்ட்போன்ட் என்று இருக்கும். டாக்டர் ஒருவர், நோயாளிக்குக் காய்ச்சல் இருப்பதால் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தால் டிஃபர் என்ற சொல்லைப் பயன்படுத்துவார். டிஃபரில் ஒரு காரணம், ஒரு நிதானம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் ஒரே நோயாளியை வைத்துச் சொன்னால் மறக்காது.

கிரிக்கெட்வெறியன்_சேப்பாக்கம்

அக்கா சொன்னதோடு இன்னொன்று. கவனம் சிதறினாலும் புட் ஆஃப்தான். பௌலர் ஓடி வரும்போது சைட்ஸ்கிரீன் பக்கம் யாராவது நடந்தால் பேட்ஸ்மேன் விலகிக்கொள்வார், கமென்டரியில் 'தட் புட் ஹிம் ஆஃப்' என்பார்கள். போஸ்ட்போனை அங்கே வைத்தால் வாக்கியமே நிற்காது.

தேர்வுத்தோழன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், பொருள் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஆனால் இலக்கணமாக எதை வைத்துக்கொள்வது? பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் ஸ்பாட்டிங் எரர் கேள்வியில் புட் ஆஃப் வந்தால் எங்கே பிடிப்பார்கள்?

சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

நல்ல கேள்வி தோழா. இரண்டு இடத்தில் பிடிப்பார்கள்.

ஒன்று, இட், தெம், ஹிம் மாதிரி ப்ரோனவுன் வந்தால் நடுவில்தான் வர வேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. முழுப் பெயர்ச்சொல் என்றால் 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி.

இரண்டு, அடுத்து ஒரு வினை வந்தால் அது ஐஎன்ஜி வடிவத்தில் வர வேண்டும். 'ஷீ புட் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்'. 'புட் ஆஃப் டு கோ' என்று எழுதினால் தவறு. போஸ்ட்போனுக்கும் இதே விதிதான். தமிழில் 'போவதைத் தள்ளிப்போட்டாள்' என்கிறோமே, போவது என்று தொழிலையே பெயராக்கி, அதே வேலைதான் ஐஎன்ஜி செய்கிறது.

இறந்தகாலத்திலும் புட்தான், மாறாது. புட்டெட் என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இசைஞானக்குழந்தை

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். சொல்வளம் ஒரு மதிப்பீட்டு அளவுகோல், மரபுத்தொடர்களை இடமறிந்து பயன்படுத்துவதும் அதில் சேரும். சிலர் பெரிய சொல்லாக இருக்கட்டும் என்று ப்ரோகிராஸ்டினேட் என்பதை எல்லா இடத்திலும் திணிப்பார்கள். அது சோம்பலால் அல்லது தயக்கத்தால் சொந்த வேலையைத் தள்ளுவதற்கு மட்டும். 'தி கவர்ன்மென்ட் ப்ரோகிராஸ்டினேட்டட் தி எக்ஸாம்' என்றால் பொருளும் பொருந்தாது, இலக்கணமும் இடிக்கும், ஏனென்றால் அந்த வினை அப்படி நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்பது வழக்கமில்லை. 'ஐ டெண்ட் டு புட் திங்ஸ் ஆஃப்' என்று இயல்பாகச் சொன்னாலே நல்ல மதிப்பெண் வாடை இருக்கிறது.

வைகைக்கரை

ப்ரோகிராஸ்டினேட்டில் லத்தீனின் 'கிராஸ்' இருக்கிறது, நாளை என்று பொருள். நாளைக்குத் தள்ளுவது. வள்ளுவர் மடியின்மையில் 'நெடுநீர்' என்று இதைத்தான் சொல்கிறார், மறதி, சோம்பல், தூக்கம் மூன்றோடும் சேர்த்து, கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று. ஆனால் அவரே வினைசெயல்வகையில் 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்றும் சொல்கிறார். ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு. முதலாவது புட் ஆஃப்பின் கெட்ட முகம், இரண்டாவது மேகமூட்டம் சொன்ன டிஃபர்.

பர்மாக்கடை_ராத்திரி

எங்க வீட்ல 'புட் ஆஃப் தி லைட்'னுதான் சொல்வோம். அது தப்பா? இங்கே யாரும் அதைச் சொல்லவே இல்லையே.

மேகமூட்டம் (லீட்ஸ்)

தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. இந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த என் தோழிகளும் சொல்வார்கள். லைட்டைப் போடு என்பது நம் வாயில் புட் ஆன் தி லைட் என்று வருகிறது, அது இங்கேயும் சொல்வதுதான். அதற்கு எதிர்ச்சொல்லாக புட் ஆஃப் வந்துவிட்டது. ஆனால் இங்கே இன்றைய வழக்கில் டர்ன் ஆஃப் அல்லது ஸ்விட்ச் ஆஃப். வெளிநாட்டில் வேலைக்கு வருகிறவர்கள் இதை மாற்றிக்கொள்வது நல்லது. ராத்திரி டியூட்டியில் 'ஷல் ஐ புட் ஆஃப் தி லைட்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஒரு நொடி யோசித்துவிட்டு.

கரிசல்வாத்தியார் (கோவில்பட்டி)

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் பத்திரிகைத் தலைப்புகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். தீர்ப்பு ஒத்திவைப்பில் எல்லாரும் நின்றார்கள், நீண்ட நேரம் விவாதம் நடந்தது. வேலைநிறுத்தம் ஒத்திவைப்பு, வேலைநிறுத்தம் வாபஸ் என்று இரண்டு தலைப்பு இருந்தது. முதலாவது புட் ஆஃப் என்றார்கள். இரண்டாவதற்கும் சிலர் புட் ஆஃப் என்றே எழுதினார்கள். வாபஸ் என்றால் கால் ஆஃப், அடியோடு ரத்து. அது எங்கே வரும் என்று இன்னும் தெளிவாகச் சொல்ல நல்ல உதாரணம் வேண்டும்.

கிரிக்கெட்வெறியன்_சேப்பாக்கம்

2020ஐ எடுத்துக்கோங்க சார். டோக்கியோ ஒலிம்பிக்ஸைத் தள்ளிவைப்பதாக மார்ச் 24இல் அறிவித்தார்கள், மறு வருடம் ஜூலை 23இல் தொடங்கியது. அது புட் ஆஃப், போஸ்ட்போன்ட். பெயரைக்கூட டோக்கியோ 2020 என்றே வைத்துக்கொண்டார்கள். அதே சமயம் விம்பிள்டன் நிர்வாகம் ஏப்ரல் 1இல் அந்த வருடப் போட்டியே கிடையாது என்று அறிவித்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் முறையாக. அது கால்ட் ஆஃப், கேன்சல்ட். ஒரே நோய், ஒரே வருடம், இரண்டு முடிவு. டிக்கெட் வாங்கி வைத்திருந்தவனுக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம்.

கறுப்புக்கோட்டு

வரலாற்றுப் பாடத்திலும் இருக்கிறது. சௌரி சௌரா வன்முறைக்குப் பிறகு 1922 பிப்ரவரியில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். ஆங்கிலப் பாடநூல்களில் கால்ட் ஆஃப் என்றுதான் இருக்கும். அங்கே புட் ஆஃப் என்று எழுதினால், வேறு தேதி குறித்தார் என்று ஆகிவிடும்.

கடன் விஷயத்திலும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள். 2020 மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைக்கு அவகாசம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அது டிஃபர்மென்ட். வேவர், தள்ளுபடி, என்று நினைத்துக்கொண்டவர்கள் பலர், வட்டி ஏறிக்கொண்டே இருந்தது தெரியாமல். தள்ளிவைப்பும் தள்ளுபடியும் தமிழில் காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த வினையோ என்னவோ.

சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

ஆங்கிலக்காரர்களுக்குள்ளேயே குழப்பம் தரும் இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். ஒன்று, மூவ் ஃபார்வர்ட். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் மூவ் ஃபார்வர்ட் பண்ணினால் திங்களா, வெள்ளியா? அவர்களிடம் கேட்டாலே பாதிப் பேர் ஒன்றும் மற்றவர்கள் வேறொன்றும் சொல்வார்கள். ஆகையால் கிழமையை எழுதிவிடுவதே உத்தமம். முன்னால் கொண்டுவருவதைச் சொல்ல நம் ஊரில் ப்ரீபோன் இருக்கிறது, ஆக்ஸ்ஃபர்டு அகராதியே ஏற்றுக்கொண்ட சொல். இந்தியர்களுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம், அமெரிக்கருக்கு எழுதும்போது 'மூவ்ட் அப்' என்று எழுதுவேன்.

இன்னொன்று, டேபிள். பிரிட்டனிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஒன்றை டேபிள் செய்தால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அதே சொல் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நீண்ட நேரம் கடுமையாக வாதாடினார்கள், கடைசியில் பார்த்தால் இருவரும் ஒரே கருத்தில்தான் இருந்தார்கள் என்று சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார்.

யாழ்தேவி_பயணி

அண்ணை, ஒரு கடைசிச் சந்தேகம். 'ஹோல்ட் ஆஃப்' எண்டதும் புட் ஆஃப் மாதிரித்தானே? என்ர தங்கச்சி வேலை இடத்தில 'கேன் யூ ஹோல்ட் ஆஃப் ஆன் திஸ்' எண்டு மெயில் வந்ததாம், வேலையை நிப்பாட்டிப் போட்டு இருக்கிறாள்.

சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

பக்கத்துச் சொல்தான், ஆனால் ஹோல்ட் ஆஃப்பில் காத்திருப்பது முக்கியம். இன்னும் தொடங்காத வேலை என்றால் நான் சொல்லும்வரை தொடங்காதே, தொடங்கியிருந்தால் இத்தோடு நிறுத்தி வை. தங்கச்சி நிறுத்தியது சரிதான். மழைக்கும் இதே சொல் வரும், 'தி ரெயின் ஹெல்ட் ஆஃப்' என்றால் பெய்யும் என்று நினைத்த மழை வராமல் பொறுத்திருந்தது. ஆனால் புட் ஆஃப் மாதிரி இதில் பழி கிடையாது. மறுபடி எப்போது தொடங்கலாம் என்று மட்டும் அவர் ஒரு வரி கேட்டு எழுதட்டும். 'ஷுர், ப்ளீஸ் லெட் மீ நோ வென் டு கோ அஹெட்' என்று போட்டால் போதும்.